ஈயம் என்று மட்டும் எழுதினேன்

1. நோட்டீஸ்

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் போர்டிங்கில் நான் மேட்ரனாகச் சேர்ந்த முதல் நாள், என் கையில் ஒரு சாவிக்கொத்தையும் ஒரு பேன்சீப்பையும் ஒரு ஜாடி கந்தகக் களிம்பையும் கொடுத்தார்கள். சாவி அரிசி அறைக்கு, சீப்பு தலைக்கு, களிம்பு சிரங்குக்கு. பரீட்சை எழுதித் தேறி வந்த டீச்சர்மார், "ஒங்க பாடு யோகந்தான் மேட்ரனம்மா. பாடமும் இல்ல, பரீட்சையும் இல்ல" என்று கேலி செய்வார்கள். எண்பது தலையில் பேன் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள் என்று நான் திருப்பிக் கொடுப்பேன். அந்த வயதில் எனக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரம் பிறந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. எனக்கு முப்பது தாண்டியிருந்தது. கணவர் இறந்துவிட்டார், பிள்ளையும் இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்த விதவை என்பதால் அந்த வேலை கிடைத்தது.

இப்போது விடுதிகளில் வேலைக்கு வரும் பெண்கள், வருஷத் தொடக்கத்தில் பெற்றோரிடம் அச்சடித்த தாள் ஒன்றை நீட்டுவதைப் பார்க்கிறேன். அம்மை குத்தியிருக்க வேண்டும், நகை கூடாது, இன்ன சாமான் கொண்டுவர வேண்டும் என்று அதில் இருக்கும். எங்கள் போர்டிங்கில் அந்தத் தாளை முதலில் கையால் எழுதியவள் நான். அதில் ஒரு தப்பும் செய்தேன். அதைச் சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸ் லீவு முடிந்து ஜனவரியில் எங்கள் பள்ளிக்கூடம் திறக்கும். ஒரு மாதம் முன்னாலேயே நோட்டீஸ் எழுதி ஊர் ஊராக அனுப்ப வேண்டும். தாய்மாரில் வாசிக்கத் தெரிந்தவர்கள் அபூர்வம். அந்தந்த ஊர்ச் சபையைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோயிலில் நின்று வாசித்துச் சொல்வார். ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு ஓடுகிறவர்கள்கூட அன்று அசையாமல் உட்கார்ந்து கேட்பார்களாம்.

அவர்கள் கேட்ட விதம் அப்படி. 'தலையில் பேன் இல்லாமல் அனுப்பவும்' என்று எழுதினேன். ஒரு தாய் மகளுக்கு மொட்டையே அடித்து அனுப்பிவிட்டாள். 'வண்டியை ஆற்றில் இறக்காமல் பாலம் வழியாக வரவும்' என்று எழுதினேன். தாமிரபரணியில் கணுக்கால் தண்ணீர் மட்டும் ஓடிய ஒரு வருஷம், ஒரு தகப்பனார் அரை நாள் சுற்றிப் பாலம் வழியாகவே வந்து சேர்ந்தார். ஊரில் வாந்திபேதி கண்டால் பதினைந்து நாள் கழித்து வரவும் என்றால், பதினாறாம் நாள் விடியும்போது வண்டி வாசலில் நிற்கும். சொன்னதை இவ்வளவு சுத்தமாகச் செய்கிற ஜனத்துக்கு எழுதுகிறவள் எவ்வளவு யோசித்து எழுத வேண்டும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. நோட்டீஸ் எழுதுவதில் நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2. ஏழாம் விதி

நம் பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்குக் காது வளர்ப்பார்கள். கைக்குழந்தையிலேயே காதைக் குத்தி, பஞ்சுத் திரி வைத்து, புண் ஆறியதும் ஈயத்தில் வார்த்த குணுக்கை மாட்டுவார்கள். அந்தக் கனத்துக்குக் காது இறங்கும். இறங்க இறங்கக் கூடுதல் கனமுள்ள குணுக்கு. காது தோளைத் தொட்டதும் பாம்படம் என்ற கனத்த தங்க நகையைப் போட்டுக் கல்யாணம் செய்துவைப்பார்கள். காது வளராத பெண்ணை மூளிக்காது என்பார்கள். ஒரு பெண்ணை அதைவிட மோசமாக ஏசிவிட முடியாது. கிறிஸ்தவர்கள், இந்துக்கள் என்று இதில் வித்தியாசம் இல்லை. என் காதும் தோளில் கிடந்தது. கணவர் இறந்ததும் பாம்படத்தைக் கழற்றினேன், அவ்வளவுதான். காதை எங்கே கழற்றி வைப்பது?

நான் வேலைக்கு வந்த இரண்டாம் வருஷம், ஒரு பிள்ளை கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது குணுக்கு வாளிக்கயிற்றில் சிக்கிக்கொண்டது. வாளி உள்ளே இறங்க, காது அறுந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது என் ரவிக்கை முழுக்க ரத்தம்.

போர்டிங்கின் தலைவி ஒரு வெள்ளைக்கார அம்மாள். மிசியம்மாள் என்று கூப்பிடுவோம். வேதப்புஸ்தகத்தை வைத்துத் தமிழ் படித்தவர், அதனால் அவர் பேச்சும் அந்த மாதிரியே இருக்கும்.

"ஞானம்மாள், காதில் யாதொன்றும் இருக்கலாகாது என்று எழுதுங்கள்" என்றார்.

"அப்படி எழுதினா பாதிப் புள்ளைய வராதும்மா. காது ஓட்ட தூந்து போயிரும்னு பயந்து தாய்மார் அனுப்பமாட்டாவ."

"பிள்ளையின் உயிரைப் பார்க்கிலும் காது பெரிதோ?"

"அவியளுக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா."

மிசியம்மாள் என் காதை ஒரு தடவை பார்த்தார். அப்புறம், "நீங்கள் தாய்மாரை அறிவீர்கள். உங்கள் இஷ்டப்படி எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

நான் இப்படி எழுதினேன்: 'ஏழாவது, காதில் ஈயக் குணுக்குடன் பிள்ளையை அனுப்பக் கூடாது.' ஆபத்து ஈயத்தின் கனத்தில்தானே இருக்கிறது, அதை மட்டும் விலக்கினால் போதும், தாய்மாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்று என் கணக்கு. யாருக்கும் மனம் நோகாமல் எழுதிவிட்டேன் என்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

3. வண்டிகள் வந்த நாள்

பள்ளிக்கூடம் திறக்கிற அன்று வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு உட்கார்ந்துகொள்வேன். வண்டியிலிருந்து இறங்கும் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். கையை உயர்த்தச் சொல்லி அம்மை குத்திய தழும்பைப் பார்ப்பேன். விரலிடுக்கில் சிரங்கு, தலையில் பேன், கண்ணில் பீளை எல்லாம் பார்ப்பேன். அந்த வருஷம் காதையும் பார்த்தேன். ஒரு காதில்கூட ஈயம் இல்லை. உபதேசிமார் நன்றாக வாசித்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன்.

மத்தியானம் கொற்கைப் பக்கத்திலிருந்து ஒரு வண்டி வந்தது. இரண்டு நாள் பயணம். அதில் பாக்கியம் என்ற பெண்ணும் அவள் மகள் ரூத்தும் வந்தார்கள். ரூத்துக்கு ஒன்பது வயது, போர்டிங்குக்குப் புதிது. பாக்கியம் வாழைத்தோட்டத்தில் கூலி வேலை செய்கிறவள். வீட்டில் முதல் முதலாகப் படிக்க வரும் பிள்ளை என்று உபதேசியார் தனியாகக் கடிதம் கொடுத்திருந்தார்.

ரூத்தின் இரண்டு காதிலும் ஓலையைச் சுருட்டிச் செருகியிருந்தது. பனங்குருத்து ஓலை, விரல் பருமன்.

"இது என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"ஈயம் போடக் கூடாதுன்னு உபதேசியார் வாசிச்சாவ மேட்ரனம்மா. ரெண்டு தடவ வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். ஓலையப் பத்தி ஒண்ணும் இல்ல. அதான் குணுக்கக் கழட்டிட்டு ஓலை வச்சிருக்கேன். கனமே கிடையாது, தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தேன். கனம் இல்லைதான். ஆனால் சுருட்டிய ஓலை விரியப் பார்க்கும், நனைந்தால் இன்னும் விறைக்கும். துளையின் தோலை உள்ளிருந்து நெட்டித் தள்ளும். எனக்கு அது தெரியும், என் காதிலும் வைத்திருக்கிறார்கள். ஆனால் எங்கள் வீட்டில் அதைத் தினமும் எடுத்துத் துடைத்துத் திரும்ப வைக்க ஆள் இருந்தது.

"தெனமும் இத ஆரு கழட்டித் தொடைப்பா?"

"அவளே செஞ்சுக்கிடுவா. சொல்லிக் கொடுத்திருக்கேன்." பாக்கியம் மகளின் காதைப் பெருவிரலால் தடவிக்கொண்டே சொன்னாள். "இதுவரைக்கும் நாந்தான். வெளக்கு வைக்க நேரம் மடில படுக்க வச்சு, எண்ணெயத் தொட்டு உருவிவிடுவேன். அப்பந்தான் இவ கத எல்லாம் சொல்லுவா. மத்த நேரம் எனக்கு ஏது நேரம்?"

நான் அப்போது, ஓலையை எடு என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் அம்மா நினைவுக்கு வந்துவிட்டாள். அவளுக்கு நாங்கள் எட்டுப் பேர். அம்பாசமுத்திரத்து வயல்களில் நாற்று நட்டும் களை பறித்தும் அவள் கை மரத்துப் போயிருக்கும். அந்தக் கை எங்களை அடிக்கும், இழுக்கும், வேலைக்குத் தள்ளும். விளக்கு வைத்த பிறகு கொஞ்ச நேரம் மட்டும் என் தலையை மடியில் சாய்த்து, காதில் விளக்கெண்ணெய் போட்டு மெதுவாக உருவிவிடும். அம்மா என்னைச் சும்மா தொட்டது அந்த நேரத்தில்தான். காது தோளை எட்டிய பிறகு அதுவும் நின்றுபோயிற்று.

பாக்கியத்தின் பெருவிரலைப் பார்த்துக்கொண்டே, "சரி, ஈயம் இல்லையே" என்று சொல்லி ரூத்தின் பெயரை ரிஜிஸ்தரில் எழுதினேன். அம்மை குத்தியிருக்கிறது, சிரங்கு இல்லை, காது சரி.

4. முக்காடு

மூன்றாவது வாரம் ரூத் தலையில் துண்டைப் போட்டு முக்காடிட்டுக்கொண்டு ஜெபத்துக்கு வந்தாள். தைக்குளிர் என்றாள். மறுநாளும் அப்படியே வந்தாள். பக்கத்தில் படுக்கும் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளித் தள்ளிப் பாய் போட்டார்கள். அதை என்னிடம் சொல்ல ஒருத்திக்கும் தைரியம் இல்லை. நான் அப்படிப்பட்ட மேட்ரன்.

மூன்றாம் நாள் குளிக்கிற இடத்தில் அவளைப் பிடித்தேன்.

"ஏட்டி ரூத்து, இங்கன வா. துண்ட எடு."

"வேண்டாம் மேட்ரனம்மா."

துண்டை இழுத்தேன். வலது காது வெடித்துச் சீழ் வைத்து, ஓலை சதைக்குள் புதைந்து கிடந்தது. இடது காதிலும் தோல் விண்டிருந்தது. நெற்றியைத் தொட்டால் காய்ச்சல் அனலாக அடித்தது.

அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடக்கும்போது அவள் அழவில்லை. "எங்கம்மைட்ட சொல்லிராதிய" என்று மட்டும் காதருகில் சொல்லிக்கொண்டே வந்தாள். "இன்னும் பத்து ஜோடி ஓலை மீதி இருக்கு. போட்டு முடிக்கணும்னு அம்மை சொல்லியிருக்கா."

அவள் பெட்டியைப் பிறகு திறந்து பார்த்தேன். சின்ன ஓலைக் கொட்டானில் பத்து ஜோடிச் சுருள்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு ஜோடியும் முந்தியதைவிட ஒரு நூலளவு பருமன், ஒவ்வொன்றிலும் நூல் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு ஜோடி என்று, ஈஸ்டர் லீவுக்குப் போகும்வரை கணக்குப் பார்த்துப் பாக்கியம் செய்து கொடுத்திருந்தாள். பிள்ளை பெரிய சுருளைத் தன் கையாலேயே திணித்திருக்கிறாள், குளிக்கும்போது நனைத்திருக்கிறாள், காயவிடாமல் முடியால் மூடியிருக்கிறாள். என்னுடைய ஏழாம் விதியை அந்தத் தாயும் மகளும் ஒரு அட்சரம் மீறவில்லை.

காயத்துக்குக் கட்டும் தையலும் போடுகிற ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் கார்பாலிக் லோஷன் விட்டுக் கழுவினார். வயதான மனிதர், அலட்டிக்கொள்ளமாட்டார். அவரே என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வலது காது இனி ஒட்டாது. செத்த சதைய எடுத்துத்தான் தைக்கணும். இடதையும் அதோடயே நறுக்கித் தச்சிரலாம். விட்டா அதுவும் இப்படித்தான் ஆவும். சீழு உள்ள எறங்குச்சுன்னா ரத்தம் கெட்டுரும். ரணஜன்னி வந்து தாடை இறுகுதான்னு அப்பப்பம் பாத்துக்கிடுங்க. இறுகிட்டுன்னா என் கையில ஒண்ணும் இல்ல. தாயக் கூப்பிட்டு அனுப்புங்க, அவ சம்மதம் இல்லாம நான் கத்தி வைக்கமாட்டேன்."

உபதேசியாருக்குக் கார்டு எழுதிப் போட்டேன். பாக்கியம் வந்து சேர நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாளும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, "வாயத் தொற, நல்லாத் தொற" என்று ரூத்தை நச்சரித்தேன். அவள் வாய் திறக்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு வந்தது. விளக்கு வைத்தால் அவள் தானாகத் தலையைச் சாய்ப்பாள், காய்ச்சலில் நான் யார் என்றுகூடத் தெரியாது. அவள் கன்னத்தைத் தடவிக்கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் அம்மாவின் கைதான் ஞாபகம் வரும். நான் ஏங்கியதற்கு இந்தப் பிள்ளை விலை கொடுக்கிறது என்று நினைத்து நினைத்து அழுவேன்.

5. பாக்கியம்

பாக்கியம் நடந்தே வந்திருந்தாள். காலில் புழுதி முழங்கால்வரை. மகளைப் பார்த்ததும் கத்தவில்லை. கட்டிலருகில் உட்கார்ந்து காதுக்கட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீங்க எழுதினத நான் மீறலியே" என்றாள்.

"மீறலம்மா. எழுதினது என் தப்பு. அன்னைக்கு ஓலையப் பாத்துட்டு விட்டதும் என் தப்பு. அது புண்ணாக்கும்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் விட்டிய?"

ரூத்தின் போர்வையை இழுத்துவிட்டேன். மிசியம்மாளிடமும் அன்று காலையில் தப்பு என்னுடையது என்று சொல்லியிருந்தேன். வேலையை விட்டு அனுப்பினாலும் சரி என்றேன். அவர், "முதலாவது அந்தப் பிள்ளையைக் காப்பாற்றுங்கள். மற்றவை பின்பு" என்றார்.

டிரஸ்ஸர் பாக்கியத்திடம் விஷயத்தைச் சொன்னார். இரண்டு காதையும் நறுக்கித் தைக்க வேண்டும் என்றதும் அவள் எழுந்துவிட்டாள்.

"வேண்டாம் அண்ணாச்சி. நான் புள்ளையக் கூட்டிட்டுப் போறேன். பச்சிலை வச்சுப் பாக்கேன். மூளிக்காதா ஆக்கிக் கொண்டு போனா ஊருல எவன் கட்டுவான்?"

"ரெண்டு நாள் வண்டியில குலுங்கிக்கிட்டுப் போனா உயிரே தங்காதும்மா" என்றார் டிரஸ்ஸர்.

"ஒங்களுக்கு என்ன, சொல்லுவிய." அவள் என் பக்கம் திரும்பினாள். "ஒங்க காது தோள்ல கெடக்கு. ஒங்கம்மை ஒங்களுக்கு வளத்து விட்டா. ஒங்களுக்கு எல்லாம் ஆயி முடிஞ்சிட்டு. எம்புள்ள காத மட்டும் நறுக்கணுமோ?"

அவள் கேட்டது நியாயம். நோட்டீஸில் விதி எழுதியவளின் காது தோளில் ஆடிக்கொண்டிருந்தால் எந்தத் தாய் நம்புவாள்? போர்டிங்குக்கு வந்த ஒவ்வொரு தாயும் வேப்பமரத்தடியில் என் காதைப் பார்த்துவிட்டுத்தான் போயிருப்பாள்.

"மொதல்ல என் காத நறுக்கட்டும். நீ கூட நின்னு பாரு. பாத்துட்டு ஒம்மனசுக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்" என்றேன்.

பாக்கியம் நம்பாமல் பார்த்தாள். டிரஸ்ஸரும் அப்படித்தான் பார்த்தார். "மேட்ரனம்மா, அவசரப்படாதிய" என்றார்.

அம்மா அப்போது உயிரோடு இருந்தாள். அம்பாசமுத்திரத்தில் என் தம்பி வீட்டில் இருந்தாள், கண்ணில் திரை விழுந்து பார்வை ஏறக்குறைய போய்விட்டது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்க நேரம் இல்லை. இப்போது யோசித்தால், நேரம் இருந்திருந்தாலும் கேட்டிருப்பேனா என்று சொல்லத் தெரியவில்லை.

6. டிரஸ்ஸரின் மேஜை

என்னை ஒரு முக்காலியில் உட்கார வைத்தார்கள். மரத்துப்போக ஏதோ ஊசி போட்டார் டிரஸ்ஸர், பாதிதான் மரத்தது. தலை ஆடாமல் இருக்க யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார். அங்கே பாக்கியம்தான் இருந்தாள். அவள் பின்னால் வந்து நின்று என் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். வாழைக்கறை படிந்த கை.

கத்தரி போட்டபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். டிரஸ்ஸர் தொங்கிய சதையை நறுக்கி, மேலே மிச்சமிருந்ததைச் சேர்த்துத் தைத்தார். ஒரு காதுக்கு நாலு தையல். இரண்டாவது காதுக்குப் போகும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. வலி பொறுக்கக்கூடியதாகத்தான் இருந்தது. பீங்கான் தட்டில் கிடந்ததைப் பார்த்துவிட்டேன். அம்மா வருஷக்கணக்காக உருவி உருவி வளர்த்தது, இரண்டு துண்டுத் தோலாகக் கிடந்தது.

"அழாதிய மேட்ரனம்மா. முடிஞ்சிட்டு, முடிஞ்சிட்டு" என்று பாக்கியம் பிள்ளையிடம் சொல்வதுபோலச் சொன்னாள். அவள் கண்ணீரும் என் உச்சியில் விழுந்தது.

கட்டுப் போட்டு முடிந்ததும் அவள் டிரஸ்ஸரைப் பார்த்து, "எம்புள்ளைக்கும் செஞ்சிருங்க அண்ணாச்சி" என்றாள்.

ரூத்துக்கு மயக்க மருந்து கொடுத்துச் செய்தார்கள். ஆறாம் நாள் காய்ச்சல் விட்டது. பத்தாம் நாள் அவள் எழுந்து உட்கார்ந்து, இரண்டு பேரும் ஒரே மாதிரிக் கட்டுப் போட்டிருக்கிறோம் என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். மகளைப் போர்டிங்கிலேயே விட்டுவிட்டுப் போவதற்குப் பாக்கியம் சம்மதித்தாள். கிளம்புகிற அன்று அரிசி அறை வாசலில் வந்து நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும் மேட்ரனம்மா. கல்யாணம் நடக்கும், நடக்காது, அது கர்த்தர் பாடு. லீவுக்கு வந்தாள்னா வெளக்கு வைக்க நேரம் இவள நான் என்னன்னு சொல்லி மடில படுக்க வைப்பேன்? இவளும் பெருசா வளந்துருவா. காதுக்குன்னாதான் வருவா."

"தலையில எண்ணெ தேய்ச்சு விடு. பேன் பாக்கேன்னு சொல்லு. புள்ள வந்து படுப்பா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பேன் இல்லன்னா?"

"இருக்குன்னு சொல்லு" என்றேன். அவள் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

மிசியம்மாள் என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை. அடுத்த வருஷ நோட்டீஸை எழுதி அவரிடம் வாசித்துக் காட்டச் சொன்னார். 'காதில் ஈயமோ ஓலையோ தக்கையோ துணியோ திரியோ எதுவும் இருக்கக் கூடாது' என்று எழுதினேன். அதன் கீழே, 'பிள்ளையைக் கொண்டுவரும் தாய் முதல் நாள் இரவு போர்டிங்கிலேயே தங்கி, சாயங்காலம் தன் கையால் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டுப் போகவும்' என்றும் சேர்த்தேன். "இது சுகாதாரத்தைச் சேர்ந்த காரியமோ?" என்று மிசியம்மாள் கேட்டார். ஆமாம் என்றேன். அந்த வருஷம் வேப்பமரத்தடியில் தாய்மார் என் காதைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்கள். யாரும் சண்டை போடவில்லை.

7. அம்பாசமுத்திரம்

காது நறுக்கிய வருஷம் மே மாத லீவில்தான் அம்மாவைப் பார்க்கப் போனேன். அதற்குள் தழும்பு ஆறியிருந்தது. திருநெல்வேலியில் ரயில் ஏறியதிலிருந்து அவளிடம் எப்படிச் சொல்வது என்ற யோசனைதான். தம்பிக்கும் நான் எழுதியிருக்கவில்லை.

அம்மா வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, தடவிப் பார்த்துப் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். என் குரலைக் கேட்டதும் கையைச் சேலையில் துடைத்தாள்.

"ஞானமா? கிட்ட வாட்டி."

கிட்டப் போய் உட்கார்ந்தேன். அவள் கை நேராக என் தோளுக்கு வந்தது. அங்கேதான் என் காது இருக்க வேண்டும். தோளில் தேடியது, கழுத்துப் பக்கம் தேடியது. அப்புறம் மெல்ல மேலே ஏறித் தாடையில் நின்றது. தையல் போட்ட விளிம்பை ஒரு விரல் தொட்டது.

"எங்கட்டி?"

"நறுக்கித் தச்சுட்டாவம்மா."

"ஆரு செய்யச் சொன்னா?"

"நாந்தான்."

நடந்ததை எல்லாம் சொன்னேன். நோட்டீஸ் எழுதியது, ஓலையைப் பார்த்துவிட்டு விட்டது, பாக்கியம் கேட்டது எல்லாம் சொன்னேன். அதுவரை அவள் விரல் அந்த விளிம்பிலேயே இருந்தது.

"அந்தப் புள்ள பொழச்சிட்டாளா?"

"பொழச்சிட்டா."

"பள்ளிக்கூடத்துலதான் இருக்காளா?"

"இருக்கா. நல்லாப் படிக்கா."

"அப்பம் சரி" என்றாள் அம்மா. கையை எடுத்து மறுபடியும் புளியைத் தடவத் தொடங்கினாள்.

அதற்குப் பிறகு அவள் நாலு வருஷம் உயிரோடு இருந்தாள். ஒவ்வொரு லீவுக்கும் போனேன். என் குரல் கேட்டால் முகம் மலரும். சாப்பிட்டாயா, இளைத்துவிட்டாயா என்று கேட்பாள். என் காதையோ தோளையோ அவள் பிறகு தொடவே இல்லை. கோபம் இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். காது இருந்த இடத்தில் இனி எதைத் தொடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

நான் மேட்ரனாக இருந்து ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு வருஷமும் அந்த விதியை எழுதினேன். எங்கள் போர்டிங்கில் அப்புறம் ஒரு பிள்ளைக்கும் காது அறுந்ததில்லை, சீழ் பிடித்ததில்லை. ரூத் படித்து டீச்சராகி, கல்யாணமும் ஆகிப் பிள்ளை பெற்றாள். விதி சரியானதுதான். புதிதாக வேலைக்கு வந்திருப்பவர்களுக்கு நான் சொல்வதெல்லாம் இதுதான்: எதையாவது செய்யாதே என்று எழுதும்போது பாதியாக எழுதாதீர்கள், முழுதாக எழுதுங்கள். எழுதிவிட்டு, அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த தாயின் கைக்கு வேறு என்ன வேலை கொடுக்கப் போகிறீர்கள் என்பதையும் யோசியுங்கள்.

பாக்கியத்துக்கு நான் வழி சொல்லிக்கொடுத்தேன். என் அம்மாவிடம், "தலையில எண்ணெ தேய்ச்சு விடும்மா" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. முப்பது தாண்டியவள், மேட்ரன், எண்பது பிள்ளைகளை அதட்டுகிறவள், எப்படிக் கேட்பது என்று வெட்கம். கேட்டிருந்தால் தேய்த்திருப்பாள். நாலு வருஷம் அந்தக் கை என் பக்கத்திலேயே சும்மா இருந்தது. இப்போது எழுபது வயதாகிறது. விளக்கு வைக்கும் நேரத்தில் எனக்கு அம்மாவைத் தேடுகிறது.